கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு குன்று



மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். திண்டிவனத்துக்காரனான எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஆனால் வருகிறவர்கள் கல்யாண மகால் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, அப்படியே திருவண்ணாமலைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

பக்கத்திலேயே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. கோட்டையின் ராஜகிரி மலை போல மூச்சு வாங்காது. மேலே ஒரே பாறை முகத்தில், இரண்டு வரிசையாக 24 சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் உண்டு. போன மாதம் சாயங்காலம் போனேன். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக எழுந்து நின்றது. உச்சிவேளையில் இது தெரியாது. பாறை இடுக்கில் மட்டும் தண்ணீர் பாட்டில்கள். எனக்கு வழி காட்டியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள்.

கோட்டை வாசலிலிருந்து இந்தக் குன்றுவரை, விவரம் தெரிந்த ஒருவரோடு மாதம் ஒரு ஞாயிறு நடைப்பயணம் நடத்தலாமே? சுற்றுலாத் துறை யோசிக்கட்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம், பாறை தோசைக்கல்லாகிவிடும்.

ஒரு வாசகர், திண்டிவனம்