கரண்ட் தேர்ந்தெடுத்த விளையாட்டுகள்

ஜி.டி.ஏ. ஆறாம் பாகம் தள்ளிப்போவது பெரிய துக்கமாகப் பேசப்படுகிறது. முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26. அதன்பின் நவம்பர் 19. போகட்டும். எரிச்சலூட்டுவது அந்தச் செய்தியோடு தவறாமல் வந்து ஒட்டிக்கொள்ளும் ‘எக்காலத்துக்குமான தலைசிறந்த வீடியோ கேம்கள்’ பட்டியல்தான். ராதாபுரம் வட்டாரத்தில் இன்று நாற்பதை ஒட்டியிருப்பவரை ஒவ்வொரு வயதிலும் அசத்தியவை அந்த வரிசையில் வரவே வராது. ரசனைக் குறைவென்று சொல்லிவிட முடியாது. இங்கே எந்த வயதில் எது மலைக்க வைத்தது என்பதைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு கரண்டுக்கு. மறுபடியும் மின்வெட்டா என்று இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆமாம், மறுபடியும்தான்.

டிவியில் செருகும் கேம் பெட்டியும் கேசட்டும் வந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்த சூப்பர் மாரியோவில் 8 உலகங்கள், 32 கட்டங்கள். சேவ் செய்ய வழி கிடையாது. ஏழாவது உலகத்தில் கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம். நிண்டெண்டோக்காரர்கள் வைத்த ஆமைகளைவிடப் பெரிய எதிரி தெருமுனை டிரான்ஸ்பார்மர். கான்ட்ராவில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்ற ரகசியம் மந்திர உபதேசம்போல் காதுக்குக் காது போனதற்கும் இந்த அவசரத்தில் பங்குண்டு. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ அந்த வரிசையை முதலில் கிரேடியஸில் வைத்தார். விளையாட்டைச் சோதித்துப் பார்க்க அவருக்கே கடினமாக இருந்ததாம். இங்கே அது, கரண்ட் போவதற்குள் முடித்துவிடும் குறுக்குவழி. பேட்டரியில் ஓடிய பிரிக் கேமுக்கு இந்தக் கவலையே இல்லை.

சின்ன வயதில் பார்த்த எதுவும் பெரிதாகத்தான் தெரியும், இதில் கரண்ட் எங்கே வந்தது என்று கேட்கலாம். அப்படியானால் பாம்பு கேம் யாரையும் அசத்தியிருக்கக் கூடாது. டானெலி அர்மான்டோ 1997இல் நோக்கியா 6110க்காக எழுதியது, இங்கே ஊர் ஊராக வந்து சேர்ந்தது 2003க்குப் பின் நோக்கியா 1100 வழியாக. வண்ண மாரியோவை முன்பே பார்த்துவிட்ட, மீசை அரும்பிய கண்களுக்கு 96க்கு 65 புள்ளித் திரையில் நெளியும் கறுப்புக் கோடு எப்படிப் பெரிதாகும்? பெரிதானது. வீடே இருண்டாலும் அது நிற்கவில்லை. அதே போனில் டார்ச்சும் இருந்தது. 2008க்குப் பிறகான மின்வெட்டு ஆண்டுகளில் இவ்விரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது சென்னைவாசிகளுக்குப் பாதிதான் புரியும். அங்கே கரண்ட் போனது ஓரிரு மணி நேரம், இங்கே 2012இல் பாதி நாளுக்கு மேல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றும் சீமை இது. கூடங்குளம் அணுமின் நிலையமும் இதே வட்டத்தில். அதன் முதல் உலையின் மின்சாரம் 2013 அக்டோபரில்தான் கட்டமைப்பில் சேர்ந்தது. மின்வெட்டைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; பரீட்சைக்குப் படித்தவர்களைக் கேட்டால் அதன் லட்சணம் தெரியும்.

ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடற்கரையும் பாட்டு ரேடியோவுமாக ஒரு முழு நகரத்தையே திறந்துவிட்ட 2002இன் அந்த விளையாட்டு, எங்கே விளையாடினாலும் வாய்பிளக்க வைத்திருக்கும். ஆனாலும் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு அது பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசுக்குக் கிடைத்த நகரம். அடுத்தவர் சேவில் தொடர்ந்த வாழ்க்கை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இந்தத் தடைகள் சரிந்தன, இனி விளையாட்டின் தரம் ஒன்றே பேசும் என்பது அடுத்த வாதம். பப்ஜியைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 2இல் டெல்லியிலிருந்து வந்த ஒரே உத்தரவில் தடைக்குள்ளான 118 செயலிகளில் அதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாற்றி வந்தது, பழைய கணக்கைக் கொண்டுவரவும் வழி விட்டார்கள். 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போனது. 2023 மே மாதம் திரும்பியது. வீட்டில் கரண்ட் இருக்கிறது, போனில் டேட்டா இருக்கிறது, ஃபியூஸ் மட்டும் வேறு ஊரில்.