பச்சை உணவும் நம் அடுக்களையும்

சமைக்காத உணவுக்கு மாற விரும்பும் குடும்பத்தினரை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் அடுப்பின் சூடு இதுவரை அழித்துவந்த கிருமிகளை இனி அடுக்களைப் பழக்கமே தடுக்க வேண்டும். காய்களுக்கெனத் தனி வெட்டுப்பலகையும் கத்தியும் தேவை. குளிர்பெட்டியில் மீனும் இறைச்சியும் கீழ்த்தட்டில் இருக்கட்டும். நறுக்கிய பழத்தை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்க வேண்டா.

எங்களுக்குப் பெருங்கவலை முளைகட்டிய பயறே. ஈரத்துணியின் வெதுவெதுப்பில் பயறு முளைக்கும்போதே சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் பெருகக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அவை முற்றிலும் நீங்கா. ஆகவே கீமோதெரபி பெறுவோரும் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோரும் அதை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். சத்து போய்விடுமே என்பர். வைட்டமின் சி ஓரளவு குறையும், உண்மைதான். கழுவி உரித்த ஆரஞ்சு ஒன்று அதனை ஈடுசெய்துவிடும்.