உழைப்பும் நகலும்

1990ஆம் ஆண்டில் ‘ஸ்டன்ட்ஸ்’ என்னும் மகிழுந்துப் பந்தய விளையாட்டு கணினிகளுக்காக வெளிவந்தது. அதனைக் கனடாவைச் சேர்ந்த டிஸ்டிங்டிவ் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. தலைகீழாகச் சுழன்று செல்லும் பாதைகளில் அதன் மகிழுந்துகள் விரைந்தன. விளையாடுவோர் தமக்கு வேண்டிய பாதையைத் தாமே அமைத்துக்கொள்ளவும் முடிந்தது.

அவ்விளையாட்டுக்கு ஒரு பூட்டும் இருந்தது. விலைகொடுத்து வாங்கியோருக்கு அச்சிட்ட கையேடு ஒன்று வழங்கப்பட்டது. அக்கையேட்டிலுள்ள ஒரு சொல்லைக் கணினி கேட்கும். விடை தவறானால், பந்தயம் தொடங்கிய சில நொடிகளில் மகிழுந்து நொறுங்கிவிடும். நெகிழ்வட்டை மட்டும் நகலெடுத்தவரைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

அக்காலத்தில் இத்தகைய பூட்டுகளை உடைப்பதற்கென்றே பல நாடுகளில் இளைஞர் குழுக்கள் இயங்கின. அவர்கள் பூட்டை நீக்கிய நகலின் முகப்பில் தம் குழுவின் பெயரை இசையோடும் அசையும் எழுத்துகளோடும் பொறித்துப் பரப்பினர். அவர்களுடைய கூர்மதியை மறுக்க இயலாது. விலை கொடுக்க இயலாதவர்களுக்கு அந்நகல்கள் உதவின என்று வாதிடுவோரும் உளர். ஆயினும், ஒருவருடைய உழைப்பின் பயனை அவர் இசைவின்றி எடுத்துக்கொள்வது அறமாகாது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வகையில் சேர்த்துள்ளது. எனவே, நூலாசிரியருக்கு உள்ளதைப் போலவே நிரல் எழுதியவருக்கும் உரிமை உண்டு. மேலும், ஒரு படைப்பை விற்று வரும் பணமே அடுத்த படைப்புக்கு முதலாகிறது. ஸ்டன்ட்ஸை உருவாக்கிய நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991இல் வாங்கியது. இன்றும் சிறுவர்கள் விரும்பும் ‘நீட் ஃபார் ஸ்பீடு’ வரிசையின் முதல் விளையாட்டு, அந்தக் கனடாக் கிளையிலிருந்தே 1994இல் வெளிவந்தது.

திறமைக்கு நேரிய வழியும் உண்டு. பூட்டுடைத்த குழுக்களின் முகப்புக் காட்சிகளே நாளடைவில் ‘டெமோசீன்’ என்னும் தனிக் கலையாக வளர்ந்தன. அதனைப் பின்லாந்து 2020இல் தன் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. பிறர் பூட்டை உடைத்ததால் கிட்டாத மதிப்பு, சொந்தப் படைப்பால் கிட்டியது.

நண்பரோடு பகிர்ந்து விளையாடுவது நல்ல பண்பே. அதற்கென ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ போன்ற பந்தய விளையாட்டுகள் உள்ளன. அவற்றை நகலெடுத்து வழங்க ஆக்கியோரே இசைவு தந்துள்ளனர். ஒரு விளையாட்டை நகலெடுக்கும் முன், ‘படைத்தவர் இதற்கு இசைந்தாரா?’ என்று கேட்டுக்கொள்வது எவருக்கும் கடினமன்று.