இடமிருந்தும் வாசல் அடைபட்டது ஏன்?

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவழியில், கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து சென்றால் அலவத்துகொட வரும். அங்கே என் அயல்வீட்டு மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு உதவிப் பண விண்ணப்பம் ஒன்றை இணையவழி அனுப்ப முயன்றாள். அன்று இறுதி நாள். கைத்தொலைபேசியில் அந்த நிலையத்தின் பக்கம் திறக்கவே இல்லை. மேட்டுக்கு ஏறிப் பார்த்தாள். அங்கும் அதே நிலைதான். "எங்களுடையது பழைய போன், மாமா. அதனால்தான் போலும்" என்று தலைகுனிந்து சொன்னாள்.

குற்றம் அவள் தொலைபேசியில் இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. அந்நிலையத்தின் சேவையகத்தைப் பேணும் அன்பர் எனக்குப் பழக்கமானவர். அவர் கூறிய செய்தி மாணவ நேயர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

சேவையகம் என்பது யாது? கேட்போர்க்கெல்லாம் கேட்டதை வழங்கும் கணினியே சேவையகம். அதன் உழைப்பைப் பங்கிட்டு மேற்பார்வை செய்வது பணிசெயல் முறைமை. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் மிகப் பல சேவையகங்களில் அப்பணியை ஆற்றுகின்றது.

கலியாண வீட்டுச் சமையற்கட்டை எண்ணிப் பாருங்கள். செயலி சமையற்காரர், நினைவகம் கைக்கெட்டும் மேசை, வன்தட்டு தூரத்துக் களஞ்சியம். மேசையில் இடம் போதாவிடின், பண்டங்களைக் களஞ்சியத்துக்கு அனுப்புவதிலும் மீட்டு வருவதிலுமே காலம் கழியும், பந்தி தாமதமாகும்.

அன்பர் ஆராய்ந்தபோதோ சமையற்காரர் பெரும்பாலும் ஓய்ந்திருந்தார், மேசையிலும் இடமிருந்தது. ஆயினும் வாசல் அடைபட்டுக் கிடந்தது! காரணம் இதுவே: லினக்ஸ், வருகின்ற ஒவ்வோர் இணைப்பையும் திறந்த கோப்பு ஒன்றைப் போலவே எண்ணுகின்றது. ஒரு நிரல் ஒரே வேளையில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளுக்கு வழக்கமாக 1024 என்னும் வரம்பு உண்டு. அது நிறைந்துவிட்டால், உள்ளே இடமிருந்தும் அடுத்தவர்க்கு இலை விழாது.

வாசலுக்கு வெளியே காத்திருக்கும் வரிசைக்கும் ஓர் அளவு உண்டு. பல்லாண்டுகள் 128 ஆக இருந்த அதன் மேல்வரம்பை, 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.4ஆம் பதிப்பு 4096 ஆக உயர்த்தியது. எனினும், வரிசையை நீட்டுவது மட்டும் மருந்தாகாது. பரிமாறுவோர் தாமதித்தால், நீண்ட வரிசையில் நிற்பவர் நீண்ட நேரம் நிற்பார், அவ்வளவே.

நிலையத்தார் புதிய கணினிக்கு விலை விசாரிக்கவும் தொடங்கிவிட்டனராம். அன்பர் அவசரப்படவில்லை. முதலில் அளந்தார், அந்த ஒரு வரம்பை மட்டும் உயர்த்தினார், மீண்டும் அளந்தார். பல எண்களை ஒருங்கே மாற்றியிருந்தால், எது குணப்படுத்தியது என்பது அவருக்கே தெரியாமற் போயிருக்கும். புதிய கணினி வேண்டியிருக்கவில்லை.

நிலையம் இறுதி நாளை ஒரு நாள் நீட்டித்தது. அம்மாணவி மேட்டுக்கு ஏறவில்லை; தன் வீட்டு முற்றத்தில் நின்றபடி, அதே பழைய தொலைபேசியிலிருந்தே விண்ணப்பத்தை அனுப்பினாள்.

மாணவச் செல்வங்களே! ஒரு காரியம் தடைப்படும்போது, குறை நம்மிடமே என்று வருந்துவதும், காசு கொடுத்தால் தீரும் என்று துணிவதும் எளிது. தடை எங்கே இருக்கிறதென்று பொறுமையாக அளந்து காண்பதே அறிவு.