கூடுதல் பட்டை போடாதீங்க பாவ்!

பேங்க்காரனுக்கு வண்டி ஸ்ப்ரிங்கைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். நான் படிச்சது பி.காம். ஆனா நாசிக் பக்கம் மாற்றலாகி வந்ததிலிருந்து மேசைக்கு வருகிற வாகனக் கடன் விண்ணப்பங்களில் பெரும்பகுதி பிக்கப் வண்டிகளுக்குத்தான். பிம்பள்காவ் பஸ்வந்த் மார்க்கெட்டுக்குத் தக்காளி, லாசல்காவுக்கு வெங்காயம், திண்டோரிப் பக்கத்துத் திராட்சை... எல்லாமே வயலிலிருந்து இந்த வண்டிகளில்தான் ஏறுது. கடன் கொடுத்த வண்டி எப்படி ஓடுதுன்னு பார்க்கிறதும் என் வேலையில் ஒரு பகுதி.

அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. புது வண்டி வாங்கின வாரத்தில் இரண்டு இடத்துக்குப் போகும். முதலில் கோயில். அடுத்து பட்டைக் கடை. அதாங்க, லீஃப் ஸ்ப்ரிங். நம்ம ஊரில் அருவா அடிக்கிறவங்க தேடி வாங்குவாங்களே, அதே பட்டைதான். மராத்தியில் இதற்குப் பெயர் 'பாட்டா'. பின்பக்கக் கட்டில் ஆளுக்கு ஒன்று, சிலர் இரண்டு, கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்டால், "சாகேப், இப்பதான் வண்டி ஸ்ட்ராங்கு" என்பார்கள்.

என் கட்சி இதுதான்: பிக்கப் வண்டியின் ஓட்டத்தை மேம்படுத்த எத்தனையோ நல்ல வழி இருக்க, இருப்பதிலேயே மோசமான ஒன்றைத்தான் நாடு முழுக்கச் செய்துகிட்டு இருக்கோம். அதற்குப் பட்டைக் கடைக்காரர் காரணமில்லை. மாதத் தவணைதான் காரணம்.

முதலில் பட்டை கணக்கு.

ஒரே தடிமனில் ஐந்து பட்டை இருக்கும் கட்டில் ஆறாவதாக ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். அது பரவாயில்லை. தடிமன்தான் ஆபத்து. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால், ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட 49 சதவீதம் கூடும் (8-ஐ 7-ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கிப் பாருங்க). "கொஞ்சம் கனமானதா போடு" என்று கடையில் சாதாரணமாகச் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

சரி, விறைப்பு கூடினால் என்ன? லோடு இருக்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த வண்டிகள் போகும்போது லோடு, திரும்பும்போது காலி. அதாவது ஓடும் தூரத்தில் பாதி காலியாகத்தான் ஓடுகிறது. காலி வண்டியில் பின் அச்சின் மேல் எடையே இல்லை. ஸ்ப்ரிங்கோ இரண்டு டன்னுக்குத் தயாராக நிற்கிறது. சின்னப் பள்ளத்திலும் பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, பிடிமானமும் கிடையாது. இதோடு ஜூலை மழையில் ஒரு வளைவைச் சேர்த்துக்கோங்க. பின்பக்கம் வெளியே வீசுவதற்கு வேறெதுவும் வேண்டாம்.

ஓட்டுநரின் முதுகையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடம்பு அதிகம் பாதிக்கப்படுவது வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையான ஆட்டத்தில். நல்ல கார் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை என்று மெதுவாக ஆடும். பட்டையை ஏற்ற ஏற்ற வண்டியின் ஆட்டம் வேகமெடுத்து, உடம்பு தாங்காத அந்த எல்லையை நோக்கி நகரும். முப்பத்தஞ்சு வயசிலேயே இடுப்பில் பெல்ட் கட்டிக்கிட்டு தவணை கட்ட வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

சரக்கும் தப்பாது. பின் அச்சுக்கு மேலே, கிரேட்டின் மேலடுக்கில் இருக்கும் பழம்தான் அதிகம் குதித்து அடிபடும். ஏற்றும்போது தெரியாது, வாசி மார்க்கெட்டில் இறக்கும்போதுதான் தெரியும். விலையைக் குறைப்பது விவசாயிக்கு.

எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்துவது பிரேக். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால், இடைவெளி குறைவதை வைத்து "சுமை இருக்கு" என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் குறைக்கும். நாம் கூடுதல் பட்டை போட்டதும் லோடு ஏறினாலும் வண்டி தாழாது. வால்வு "காலி வண்டி" என்றே நம்பி பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இரண்டு டன் ஏற்றிக்கொண்டு கசாரா காட் இறக்கத்தில் போகிற வண்டிக்கு, காலி வண்டியின் பின் பிரேக்! முன் பிரேக் மட்டும் காய்ந்துகொண்டே போகும். "வண்டி உட்காரவே இல்லை பாருங்க" என்று பெருமைப்படுகிறார்களே, உட்காராததுதான் பிரச்சினையே.

அப்போ என்ன செய்யணும்?

நல்ல மெக்கானிக்குகளிடம் கேட்டும், படித்தும் நான் புரிந்துகொண்ட வரிசை இது. செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1. ஆர்.சி. புத்தகம். இதுக்குக் காசே வேண்டாம். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய சுமை. ஓட்டுநரும் கிளீனரும் அதில் அடக்கம். எந்த ஸ்ப்ரிங் போட்டாலும் அந்த எண் மாறாது. அச்சு, பேரிங், பிரேக், சேஸிஸ் எல்லாம் அதே பழையதுதானே!

2. டயர் காற்று. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் சொன்ன அளவு. சஸ்பென்ஷனின் முதல் உறுப்பே டயர்தான். காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் இரண்டையும் மதியுங்கள்.

3. புஷ், ஷேக்கிள். பட்டையின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் அல்லது வெண்கல புஷ் தேய்ந்தால் பின்பக்கம் வால் ஆட்டும். "வண்டி அலையுது" என்று வருகிற புகார்களில் இதை முதலில் பார்க்கச் சொல்வார் நல்ல மெக்கானிக்.

4. ஷாக் அப்சார்பர். இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். ஷாக் சுமை தாங்காது; சுமையைத் தாங்குவது பட்டை. பட்டையின் ஆட்டத்தை எண்ணெய் வழியாகச் சூடாக மாற்றி அடக்குவது ஷாக். எண்ணெய் கசிந்திருந்தாலோ, டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலோ மாற்றுங்கள். இடது வலது இரண்டையும் சேர்த்து. வண்டி ஓட்டம் புதுசாக மாறுவது பெரும்பாலும் இந்தச் செலவில்தான்.

5. பட்டைக் கட்டு. தொய்ந்துபோயிருந்தால் கம்பெனி அளவிலேயே இரு பக்கமும் புதுக் கட்டு. கேஸ் அடுப்பில் காய்ச்சி வளைத்து வாங்காதீர்கள். அந்த எஃகின் பலமே அதைப் பதம் பார்த்துச் சூடாக்கி ஆற்றியதில் இருக்கிறது. கண்டபடி காய்ச்சினால் பதம் போய் மறுபடி தொய்யும், இல்லாவிட்டால் ஒடியும். யூ போல்ட் புதுசாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்க வேண்டும். புது வண்டி எடுப்பவர்கள் பாரபோலிக் ஸ்ப்ரிங் கிடைக்குமா என்று கேளுங்கள். நடுவில் தடித்து முனையில் மெலிந்த, எண்ணிக்கை குறைந்த பட்டைகள். ஒன்றோடொன்று உரசுவது குறைவு என்பதால் காலியாக ஓடும்போதும் மென்மையாக இருக்கும்.

6. ஹெல்பர். லோடு ஏறிய பிறகு மட்டும் தொடும் துணைப் பட்டை. பல வண்டிகளில் கம்பெனியே கொடுக்கிறது. அது இருக்கும்போது ஏன் இன்னொன்று?

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 2019 செப்டம்பர் முதல் அமலில் உள்ள திருத்தப்படி அதிக சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அதிகப்படியை இறக்கிவிட்டுத்தான் நகர முடியும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. அதே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்தான பிறகு காப்பீட்டு சர்வேயர் குனிந்து பட்டையை எண்ணும்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

இப்போ எதிர்க்கேள்வி. வண்டிக்காரர்கள் என்னிடம் நேராகவே கேட்பது: "லோடு குறைச்சா ஹப்தாவை யார் கட்டுவா சாகேப்?"

நியாயமான கேள்வி. கணக்கு போட்டே பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒன்றரை டன் வண்டியில் 20 கிலோ தக்காளி கிரேட் 75 ஏற்றலாம். இவர் ஏற்றுவது 100. கிரேட்டுக்கு 30 ரூபாய் வாடகை என்றால் கூடுதல் 25-க்கு நடைக்கு 750. மாதம் 20 நடை என்றால் 15,000. பெரிய பணம். டயர், பிரேக், டீசல், ஒடிந்த பட்டை எல்லாம் இதில் ஒரு பங்கைத் தின்னும். ஒரே ஒரு முறை பிடிபட்டால் ஒரு மாதத்து ஆதாயம் முழுசும் போய் கைக்காசும் சேரும். ஆனாலும் கையில் வரும் 15,000 கண்ணுக்குத் தெரிகிறது, தேய்கிற பேரிங் தெரிவதில்லை. அவரை முட்டாள் என்று சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு டன் சுமைக்கென்றே வடிவமைத்த பிக்கப் வண்டிகள் சந்தையில் இருக்கின்றன. விலை வித்தியாசம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி, 60 மாதம்: தவணையில் கூடுவது சுமார் 2,175 ரூபாய். ஒன்றரை லட்சம் என்றாலும் 3,260-தான். மாதம் 15,000 வருமானத்துக்கு இந்தச் செலவு. சேஸிஸ், பிரேக், அச்சு எல்லாம் அந்தச் சுமைக்கே செய்தது. அதே 100 கிரேட், பயமில்லாமல்! சஸ்பென்ஷன் மேம்பாடு என்றால் எனக்குத் தெரிந்து இதைவிட மலிவானது கிடையாது. ஆனால் இதைக் கடன் கொடுக்கும் நாளில் சொல்ல வேண்டும். பட்டை போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

இங்கேதான் எங்கள் துறை மேல் எனக்கு வருத்தம். தக்காளி செடியில் இருக்கும்வரை அது பயிர்க்கடன். குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பருவம் பாக்கி விழுந்த பிறகுதான் வாராக்கடன். அதே தக்காளி பிக்கப்பில் ஏறியதும் அது வாகனக் கடன். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். விவசாயிக்குப் பருவம் உண்டு, அவன் பயிரைச் சுமக்கிற வண்டிக்காரனுக்குப் பருவம் கிடையாதாம்! திராட்சை முடிந்து, தக்காளி இன்னும் வராத மாதங்களில் ஓட்டம் குறைகிறது, தவணை குறைவதில்லை. ஆகவே ஓட்டம் இருக்கும் மாதத்தில் இரண்டு மாதத்து லோடை ஒரே நடையில் ஏற்றுகிறான். அந்த ஆறாவது பட்டையை அவன் போடுவதற்கு நம்முடைய தவணை அட்டவணையும் ஒரு காரணம்.

பருவத்தை ஒட்டித் தவணையைக் கூட்டிக் குறைத்து வையுங்கள். வருமானக் கணக்கு போடும்போது ஆர்.சி.யில் உள்ள சுமைக்கு மட்டும் போடுங்கள். அந்தச் சுமையில் தவணை கட்ட முடியாது என்று கணக்கு காட்டினால், அந்த வண்டி அந்த ஆளுக்குச் சரியில்லை என்று அர்த்தம். டயருக்கும் ஷாக்குக்கும் மாதம் ஒரு தொகையைச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். கிளை மேலாளராக இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பிக்கப் விண்ணப்பத்திலேயே ஆரம்பிக்கலாம். அனுமதி வாங்க வேண்டிய விஷயம் தவணை அட்டவணை ஒன்றுதான்; மற்ற இரண்டுக்கும் ஒரு பேனா போதும்.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு: ஏற்கெனவே கூடுதல் பட்டை போட்டிருந்தால் கழற்றிவிட்டு, பிரேக் வால்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பட்டையை வீணாக்க வேண்டாம். ஊருக்குப் போகும்போது கொண்டுபோனால் நல்ல அருவா ஒன்று தேறும் :)