முதல் பட்டதாரியின் பயோடேட்டாவில் இல்லாத வரி

ஒவ்வோர் ஆண்டும் கோடையில் இ-சேவை மையங்களில் வரிசை நீளும். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று விண்ணப்பிக்க வருகிறவர்களில் பலர் இன்னொன்றையும் கேட்பார்கள்: முதல் பட்டதாரிச் சான்றிதழ். இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் எவரும் பட்டம் பெற்றதில்லை என்று வருவாய்த் துறை எழுதிக் கொடுக்கும் தாள் அது. 2010-11 கல்வியாண்டிலிருந்து பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை இதைக் காட்டித்தான் கிடைக்கிறது. எத்தனையோ வீடுகளில் முதல் பொறியாளர் உருவானது அந்தச் சலுகையால்தான். அதன் அருமையை நேரில் பார்த்தவன் நான்.

அந்த வீட்டில் பட்டம் இல்லை என்பதைச் சான்றிதழ் சொல்லிவிடுகிறது. பட்டத்துக்குப் பதிலாக அங்கே என்ன இருந்தது என்று கேட்க நம்மிடம் ஒரு படிவமும் இல்லை. படிவம் இல்லாததுகூடப் பெரிதில்லை. நான்கு ஆண்டு படித்துவிட்டு வேலை தேடக் கிளம்பும் அந்தப் பிள்ளைக்கே அது தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் செல்லும் குழுக்களில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அங்கே வரும் பயோடேட்டாக்களை அடுக்கி வைத்தால் பெயரையும் மதிப்பெண்ணையும் தவிர வேறுபாடு காண முடியாது. ‘உங்கள் பலம் என்ன?’ என்ற இடத்தில் கடின உழைப்பு, தன்னம்பிக்கை, குழுவாகச் செயல்படுதல் என்று ஒரு வகுப்பே எழுதியிருக்கும். யாரோ சீனியர் எழுதியதைப் பார்த்து, அவருக்கு முந்தைய சீனியர் எழுதியதைப் பார்த்து, வழிவழியாக வரும் வரிகள் அவை.

ஒருமுறை மெக்கானிக்கல் படித்த மாணவி ஒருவர் வந்தார். அதே வரிகள்தான். பேச்சுவாக்கில், காலையில் கல்லூரிக்கு வருவதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாவுக்கு அளவு சொல்வதும் கணக்கு நோட்டும் தன் பொறுப்பு என்றார். எவ்வளவு ஊறப் போட வேண்டும் என்று எப்படித் தெரியும்?

“சந்தை நாள்ல இருநூறு இட்லி கூடப் போகும் சார். மழை பேஞ்சா பாதிதான். முகூர்த்தம்னா ஊரே கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிரும், அன்னைக்குக் குறைச்சுத்தான் போடணும். போன வருசம் எந்த நாள்ல எவ்வளவு மீந்துச்சுன்னு நோட்டுல இருக்கு.” கடன் பாக்கி? “மில்லுக்குப் போறவங்க ஏழாந்தேதி குடுத்துருவாங்க. மத்தவங்களுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல விடமாட்டேன்.”

ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவு கம்ப்யூட்டரில் செய்வது இதைத்தான். எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிக் கணிப்பது, சரக்கு தேங்காமலும் தட்டாமலும் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு கடன் என்று வரம்பு வைப்பது. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “இது வீட்டு வேலைதானே சார்?”

அந்த மாணவியை நாங்கள் எடுக்கவில்லை. குழு விவாதத்தில் ஆங்கிலத்தில் தயங்கினார் என்று குழுவில் மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அழுத்திப் பேசவில்லை. பிழை எங்களுடையது.

தன் பலம் ஏன் தனக்குத் தெரிவதில்லை? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. தேர்வில் கடைசியில் நின்றவர்கள் தங்களைச் சராசரிக்கும் மேலாக மதிப்பிட்டுக்கொண்டார்கள் என்ற பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மறு பாதியை அதிகம் பேசுவதில்லை: முதலில் நின்றவர்கள் மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தனக்கு எளிதாக வருவது எல்லோருக்கும் எளிதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். இட்லிக் கடைக் கணக்கு அந்த மாணவிக்கு மூச்சு விடுவது போல. மூச்சு விடுவதை யாராவது திறமை என்று எழுதுவார்களா?

வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுக்க முறையாக வழிகாட்டும் துறைக்கு வித்திட்டவர் என்று ஃபிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908-இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டி நிலையத்தைத் தொடங்கி, அதே ஆண்டில் இறந்துபோனார். அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டில்தான் வெளிவந்தது. உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார்த்து யோசி என்ற அவருடைய மூன்று படிகள் இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். அவர் எங்கே தொடங்கினார் என்பதைப் பார்க்க வேண்டும். அயல்நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் தொடங்கினார். பெற்றோர் கண்ணால் பார்த்திராத வேலைகளுக்குள் பிள்ளைகள் நுழைந்துகொண்டிருந்த இடம் அது. இன்றைய நம் முதல் தலைமுறைப் பட்டதாரியின் நிலையும் அதுவே.

நாமோ மூன்று படிகளில் முதலாவதை விட்டுவிட்டோம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி 200-க்கு வரும் கட்-ஆஃப், இடங்களைப் பங்கிட நேர்மையான வழி. அதற்குமேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. 196 வாங்கியவர் எந்த வேலையில் மலர்வார் என்று அது சொல்லாது. இரண்டாவது படியான வேலைகளை அறிவதை, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கும் சம்பளத்தைக் கேட்டு முடித்துக்கொள்கிறோம்.

இணையத்தில் 20 கேள்விக்குப் பதில் சொன்னால் உங்கள் ஆளுமை இதுதான் என்று சொல்லும் தேர்வுகளை நம்பலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஆர்வத்தைக் கிளறிவிட அவை உதவலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார். தன்னைச் சரியாகச் சொல்கிறது என்று மாணவர்கள் 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். பிறகுதான் எல்லாத் தாளிலும் ஒரே வாசகங்கள் என்பது வெளிப்பட்டது. பொதுவாக எதைச் சொன்னாலும் அதில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

நம்பத்தக்க வழி, செய்த வேலையின் தடத்தைப் பார்ப்பது. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்ன முறை எளிமையானது. ஒரு முக்கிய முடிவை எடுக்கும்போது, இதிலிருந்து என்ன விளையும் என்று எதிர்பார்க்கிறாய் என்பதை எழுதி வை; ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து, நடந்ததை எழுதியதோடு ஒப்பிடு. இரண்டு மூன்று ஆண்டுகளில் எது உனக்கு வரும், எது வராது என்று தெரிந்துவிடும். கல்லூரி மாணவருக்கு இது சாலப் பொருந்தும். சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிக்கப் போனீர்களா? எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் தந்தார்கள்? புராஜெக்ட்டில் உண்மையில் நீங்கள் செய்தது என்ன, மற்றவர் செய்தது என்ன? ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினால் போதும்.

எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுத வேண்டும். இயல்பாக வரும் பலம் ஒன்று: அளவை மனத்தில் கணிப்பது, முன்பின் தெரியாதவரிடம் கூசாமல் பேசுவது, ஒரு பிசிறும் தவறாமல் சரிபார்ப்பது. கற்றுக்கொண்ட தேர்ச்சி இன்னொன்று: ஆட்டோகேட், டாலி, வெல்டிங். மூன்றாவது, எந்த வேலையானாலும் பணியிடம் எதிர்பார்ப்பது. வேலை குறித்த நாளில் முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்வது, ஷிப்ட் மாறும்போது எந்த மெஷினில் என்ன கோளாறு என்று அடுத்தவருக்குப் புரியும்படி லாக் புக்கில் எழுதி வைப்பது, தன் தவறைத் தானே முதலில் சொல்வது.

இந்த மூன்றாவதில்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சோம்பல் ஒருபோதும் காரணமில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, ‘சார், இந்த டிராயிங்கில் அளவு தப்பு’ என்று மேலதிகாரியிடம் சொல்லத் தயங்குகிறது. தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து, தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்து இரவெல்லாம் தவிக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்று கல்லூரியில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நாம் ஆங்கிலம் பேசும் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு, பணியிடத் திறன் கற்றுத் தந்துவிட்டதாக எண்ணுகிறோம். ஆங்கிலம் தேவைதான். ஆனால் சரளமாகப் பேசத் தெரிந்தவருக்கும் சரியான நேரத்தில் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். அம்மாவின் கடை, அப்பாவின் பட்டறை என்று பேசினால் பிள்ளைகளை மீண்டும் பரம்பரைத் தொழிலுக்கே தள்ளுவதாகாதா? தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் யாரும் நகர முடியாது, நகரவும் கூடாது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்துப் போராடினார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இன்று நாம் முதல் பட்டதாரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதே அந்தப் போராட்டம் வென்றதால்தான்.

நான் சொல்வது அதற்கு நேர் எதிர்த் திசை. குலக்கல்வி தொழிலைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை அதில் கட்டியது. நான் கேட்பது, தொழிலை விட்டு வெளியேறும் பிள்ளை அங்கே பெற்ற ஆற்றலைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது. இட்லிக் கடையில் கணிக்கக் கற்றவர் இட்லிக் கடை நடத்த வேண்டாம். கார் உதிரிபாகக் கிடங்கையோ மருத்துவமனையின் மருந்துக் கையிருப்பையோ நிர்வகிக்கலாம். வீட்டு வேலையை வெட்கப்பட்டு மறைக்கும்வரை, சாதி அந்த வேலையின் மேல் ஒட்டிய இழிவை நாமும் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. வாசலுக்குள் அழைத்துவருவதில் நாம் முன்னே நிற்கிறோம். வெளியே போகும் வழியில் என்ன நடக்கிறது? 2024-இல் குரூப் 4 தேர்வில் முதலில் அறிவிக்கப்பட்ட 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அரசு வேலையை விரும்புவதில் தவறில்லை, அந்தப் பாதுகாப்பின் மதிப்பை ஏழை வீடுகள் நன்றாக அறியும். ஆனால் அந்த 20 லட்சத்தில் எத்தனையோ பேர், தனக்கு வேறு எதுவும் வராது என்று நம்பி அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது நல்ல செயல். ஆனால் பயிற்சிக்கு முன் பலத்தைக் கண்டறியும் வேலை இன்னும் மெலிவாகவே இருக்கிறது. முன்பே கற்றதை மதிப்பிட்டுச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. அது ஒரு தொழிலாளி ஏற்கெனவே செய்துவரும் அதே தொழிலுக்கான சான்று. பட்டம் படித்து வேறு தொழிலுக்குப் போகிறவரின் பழைய அனுபவத்தை எடைபோட அதில் வழி இல்லை.

கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரோடும் அரை மணி நேரம் உட்காருங்கள். படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டில், வயலில், கடையில், தெருவில் இதுவரை எதைப் பொறுப்பேற்றுச் செய்தாய், எத்தனை நாள், எவ்வளவு பணம் கையாண்டாய், எது கெட்டுப்போய் எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டு, மாணவரையே எழுத வையுங்கள். தமிழிலேயே எழுதட்டும். ஆள் தேர்வுக்கு வருகிறவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘எங்களுக்கு என்ன தெரியும், நாங்க படிக்காதவங்க’ என்று பிள்ளைகள் முன் தயவுசெய்து சொல்லாதீர்கள். இருபது வருடமாக ஒரு கடையையோ பட்டறையையோ இழுத்து மூடாமல் நடத்தியிருக்கிறீர்கள். எப்படி நடத்தினீர்கள் என்று இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்.