கைக்கு வரும் விசையைக் கண்ணுக்கும் காட்டுக

விமானம் ஓட்டுகிறவனுக்கு ஆகாயத்தின் சமாசாரம் கண் வழியாக மட்டுமன்றிக் கை வழியாகவும் வருகிறது. செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில், விமானியின் கைப்பிடிக்கும் வாலிலுள்ள எலிவேட்டர் என்னும் அசையும் பலகைக்கும் நடுவே எஃகுக் கேபிள்களும் கப்பிகளுமே இருப்பதனால், வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகி, அந்தப் பாரம் நேராக உள்ளங்கைக்கு வந்து சேருகிறது; வேகம் குன்றி இறக்கை தன் தாங்கும் சக்தியை இழக்கும் தறுவாயிலோ, பிடி தளர்ந்து நடுங்கத் தொடங்குகிறது. அந்தத் தளர்ச்சியையும் நடுக்கத்தையும் கையால் அறிந்து பழகியவன், கருவிகளைப் பார்ப்பதற்கு முன்பே ஆபத்தை உணர்ந்துவிடுகிறான்.

வீட்டு மேஜையின் மேல் சிமுலேட்டரை வைத்துக்கொண்டு பழகுகிறவர்களுக்கு இந்த ஸ்பரிச ஞானத்தைத் தருவதற்காக ஏற்பட்டதே ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்னும் ஏற்பாடு. 1997-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி ‘சைட்விண்டர்’ என்ற பெயரில் மோட்டார்கள் பொருத்திய ஜாய்ஸ்டிக் ஒன்றை வெளியிட்டது; இன்று அதைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள கருவிகள் வந்திருக்கின்றன. சிமுலேட்டர் கணக்கிட்ட வேகம், இறக்கை காற்றைச் சந்திக்கும் தாக்குகோணம், எஞ்சினின் சுழற்சி முதலியவற்றை ஒரு மென்பொருள் வாங்கி, அவற்றை விசையாக மாற்றி, ஜாய்ஸ்டிக்கின் மோட்டார்களுக்கு ஆணையிடுகிறது. ஆக, தருகிறவன், மாற்றுகிறவன், செய்கிறவன் என்று மூன்று பேர் சம்பந்தப்பட்ட காரியம் இது. பிசகு நேரும்போது மூவரில் யார்மீது குற்றம் என்பதைக் கை சொல்லாது.

இந்த இடத்தில்தான் டயக்னாஸ்டிக்ஸ் திரை என்று சொல்லப்படும் பகுதியின் அருமை விளங்குகிறது. நல்ல மென்பொருள்களில், சிமுலேட்டரிடமிருந்து வந்துகொண்டிருக்கும் எண்களையும், அவற்றிலிருந்து ஒவ்வோர் அச்சுக்கும் கணக்கிட்ட விசையையும், கருவி விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்பதையும் அந்தத் திரை கணத்துக்குக் கணம் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிடி இறுகவில்லை என்றவுடன் பெரும்பாலோர் செய்வது, விசையின் அளவைக் கூட்டும் ஸ்லைடரை நகர்த்துவது. அதுவும் பலிக்காவிட்டால் மென்பொருளை அழித்து மறுபடியும் நிறுவுவது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் வாய்க்கால் வழியே மதகுவரை நடந்து பார்க்கிற விவசாயிக்கு இருக்கும் நிதானம், இவ்வளவு நுட்பமான யந்திரத்தை வாங்கி வைத்திருப்பவர்களிடம் இல்லாமற்போவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

விமானம் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கையில் திரையில் வேகம் பூஜ்யமாகவே நின்றால், ஜாய்ஸ்டிக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. செய்தி வரும் வழி அறுந்திருக்கிறது. டிசிஎஸ் என்னும் போர்விமான சிமுலேட்டரில், வெளியிலுள்ள மென்பொருள்களுக்குத் தகவல் கொடுக்கும் கட்டளைகளெல்லாம் ‘எக்ஸ்போர்ட் லுவா’ என்ற ஒரே கோப்பில் குடியிருப்பதனால், புதிதாக நிறுவிய ஒன்று பழையதன் வரிகளை இடித்துத் தள்ளிவிடுவதும் உண்டு. வேகம் சரியாக ஏறி, கணக்கிட்ட விசையும் ஏறி, கையில் மட்டும் ஒன்றும் தெரியாவிட்டால், பழுது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. விண்டோஸின் டைரக்ட்இன்புட் முறையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் கருவியை ஒரு சமயத்தில் ஒரு மென்பொருள்தான் தன் ஏகபோக ஆட்சியில் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், வேறொன்று அதை முன்னமே பற்றிக்கொண்டிருக்கலாம். அந்தப் பழைய சைட்விண்டரின் பிடியிலோ, கை இருக்கிறதா என்று பார்க்கும் ஒளி உணர்வி ஒன்று உண்டு. அதன்மேல் கை சரியாகப் படியாவிட்டால் மோட்டார்கள் ஓய்ந்துவிடும். மோட்டார்கள் இயங்கும் நிலையில் உள்ளனவா, பாதுகாப்பு ஸ்விட்ச் என்ன சொல்கிறது என்பவற்றைக் கருவியிடமே கேட்டறிய டைரக்ட்இன்புட்டில் வழியிருக்கிறது. கேட்டறிந்ததைத் திரையில் எழுதிக் காட்டுவது மென்பொருள் ஆசிரியருக்குப் பெரிய சிரமம் அன்று.

இவற்றையெல்லாம்விட நுட்பமான குறை ஒன்று உண்டு. திரையில்லாமல் அதைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். டைரக்ட்இன்புட்டில் விசையின் உச்ச வரம்பு 10,000 என்ற எண். இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் ‘ஸ்டால்’ நெருங்கும்போது வரவேண்டிய நடுக்கம் கைக்குத் தெரியவில்லை என்று ஒருவர் விசையைக் கூட்டுகிறார், தெரியவில்லை, இன்னும் கூட்டுகிறார், அடியோடு மறைந்துவிடுகிறது. திரையைத் திறந்து பார்த்தால் காரணம் பிரத்தியட்சமாகத் தெரியும்: பிடியை ஒரு பக்கமாக இழுக்கும் நிலையான விசையே 10,000-ஐத் தொட்டு நிற்கிறது, அதற்கு மேல் ஏற இடமில்லாததால் நடுக்கத்தின் அலைகளெல்லாம் உச்சியில் வெட்டுண்டு போகின்றன. விசையைக் குறைத்தால்தான் நடுக்கம் திரும்பி வரும். கைக்குக் கிடைக்கும் அனுபவம் ஒரு திசையைக் காட்ட, உண்மையான பரிகாரம் அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லக்கூடியது அந்த எண் ஒன்றுதான். (ஏர்பஸ் ஏ320-ன் சைட்ஸ்டிக்கில் சுருள்வில்லின் எதிர்ப்பைத் தவிரக் காற்றின் பாரம் எதுவும் கைக்கு வராது, அதை ஓட்டிவிட்டு விசையில்லை என்று குறைப்படுபவர்களுக்கு விமானத்தின் இயல்பை எடுத்துச் சொன்னாலே போதும்.)

இத்தனை எண்களைக் காட்டினால் சாதாரண மனிதர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சில மென்பொருள் ஆசிரியர்கள் கருதி, இந்தத் திரையை எங்கோ ஒரு மூலையில் மறைத்துவைக்கிறார்கள். சிலர் அதை அமைப்பதே இல்லை. இந்த அபிப்பிராயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. போயிங் 737-ஐப் பாருங்கள்: அதன் எலிவேட்டரை ஹைட்ராலிக் சக்தி இயக்குவதனால், காற்றின் பாரம் விமானியின் கைக்குத் தானாக வருவதில்லை, செங்குத்து வாலில் பொருத்திய பிட்டாட் குழாய்களால் வேகத்தை அறிந்து, அதற்கேற்ற பாரத்தைச் செயற்கையாக உண்டாக்கித் தருவதற்கென்றே ‘ஃபீல் கம்ப்யூட்டர்’ என்ற ஏற்பாடு அதில் அமைந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் அழுத்தம் ஒவ்வாமற் போனால் அறிவிப்பதற்கு, விமானியின் தலைக்கு மேலுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. கைக்குப் பொய்யாக ஒரு விசையைக் கொடுப்பவன், அந்தப் பொய் பிசகும்போது கண்ணுக்கு மெய்யைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற தர்மத்தை விமானம் கட்டுகிறவர்கள் அங்கீகரித்திருக்கிறார்கள். மேஜைமீதிருக்கும் யந்திரத்துக்கு மாத்திரம் விலக்கு எதற்கு? அதுவும் மனிதனின் மணிக்கட்டை எதிர்த்துத் தள்ளும் மோட்டாருள்ள யந்திரந்தானே; அதன் ஓர் அச்சின் திசை தலைகீழானால், பிடி நடுவுக்குத் திரும்புவதற்குப் பதிலாகக் கையை உதறிக்கொண்டு ஓரத்துக்கு ஓடும்.

ஆகையால் இத்தகைய கருவியை வாங்குகிறவர்கள், மோட்டார் எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் என்று விசாரிப்பதோடு நில்லாமல், மென்பொருளில் டயக்னாஸ்டிக்ஸ் திரை உண்டா, வரும் எண்ணும் போகும் எண்ணும் அதில் தனித்தனியே தெரியுமா, உச்ச வரம்பைத் தொடும்போது அது நிறம் மாறி எச்சரிக்குமா என்பவற்றையும் கேட்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம். பிசகு பெரும்பாலும், இரண்டு கைகளும் வேலையாயிருந்து கண் ஓடுபாதையை விட்டு அகல முடியாத தரையிறங்கும் வேளையில்தான் தலைகாட்டுகிறது. ஆகவே கடைசிச் சில நிமிஷங்களின் எண்களைக் கோப்பாகச் சேமித்துவைத்து, விமானம் நின்ற பிறகு நிதானமாகப் பார்க்கவும், வேண்டுமானால் மென்பொருள் ஆசிரியருக்கே அனுப்பிவைக்கவும் அந்தத் திரையில் வசதி இருக்க வேண்டும்.